டிரிம்மர் முனை

மத்தியானத் தூக்க நேரத்தில், கடைசித் துணியின் பிசிறை வெட்டிவிட்டு டிரிம்மரைப் பைக்குள் வைக்கப் போனபோதுதான் ஜுவைரியா அதைக் கவனித்தாள். நூல் வெட்டுகிற அந்தச் சின்னக் கத்தரியின் இரண்டு அலகில் ஒன்றுக்கு முனை இல்லை. அரிசி நீளத்துக்கு ஒடிந்து போயிருந்தது.

கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒடிந்த இடம் புதுசாக மின்னியது. பழைய உடைசலாக இருந்தால் மங்கியிருக்கும். இது இப்போது, இந்த அறையில், அவள் கையில் ஒடிந்தது. சுற்றிலும் பாயில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை கட்டை விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. வெளியே ஆடிக் காற்று தகரக் கூரையைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது.

திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டைக்குப் பின்சந்தில் இருக்கிற அந்த இடத்துக்கு வாசல் பலகையில் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. பாப்பா ஸ்கூல் என்பார்கள். பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள் காலையில் பிள்ளையையும் சோத்துப் பையையும் விட்டுவிட்டு ஓடுவார்கள்; இருட்டுக் கட்டுகிற நேரத்தில் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே ஜுவைரியா சென்டர் ஹெட். சேர்க்கை, ஃபீஸ், தண்ணீர் லாரி, ஆயாக்களின் லீவு, எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையைக் கடித்தது என்கிற பஞ்சாயத்து எல்லாம் அவள் தலையில். கழுத்தில் படம் போட்ட அட்டை ஒன்று தொங்கும். அந்த அட்டையைப் பார்த்தவர்கள் அவள் சம்பளத்தை மனசுக்குள் முப்பது, முப்பத்தைந்து என்று போட்டுக்கொள்வார்கள். பதினாலாயிரம்தான். அட்டைக்கு இருந்த கனம் சம்பளக் கவருக்கு இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவளும் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள்தான். தபாலில் பி.காம். முடித்து, பிறகு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற டிப்ளமோ ஒன்றும் படித்து, மிஷின் சத்தத்திலிருந்து தப்பி வந்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டவள். கணவன் அஹ்ஸன் காதர்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் சேல்ஸ்மேன். வடக்கத்தி வியாபாரிகள் நேரில் வந்து துணியைத் தடவிப் பார்த்து வாங்கிய காலத்தில் அவனுக்குக் கமிஷன் கிடைத்தது. இப்போது அவர்கள் போனில் போட்டோவைப் பார்த்து ஆர்டர் போடுகிறார்கள். கமிஷன் போய்விட்டது, கடையும் நாற்காலியும் அப்படியே இருந்தன. மகள் மஹ்னூர் இரண்டாம் வகுப்பு. இந்த ஆடியிலிருந்து வீட்டுக்காரர் வாடகையை ஏழரை ஆயிரம் ஆக்கிவிட்டார். முடியலீன்னா வேற ஊடு பாத்துக்குங்க என்று மரியாதையாகத்தான் சொன்னார். இந்த ஊரில் வெளியே போகச் சொல்வதும் 'ங்க' போட்டுத்தான்.

ஆகவே பிசிறு வெட்டுகிற வேலை. திருப்பூரில் அது ஒன்றும் மானக்கேடு இல்லை. மளிகைக் கடைக்காரர் வீடு, வாத்தியார் வீடு, எந்த வீட்டு முன்னறையில் எட்டிப் பார்த்தாலும் ஒரு துணி மூட்டை கிடக்கும். டிவி பார்த்துக்கொண்டே பீசுக்கு இவ்வளவு பைசா என்று வெட்டுவார்கள். வீரணன் என்கிற கான்ட்ராக்ட்காரர் ஜுவைரியாவுக்குக் கைக்குழந்தைச் சட்டைகளாகக் கொண்டு வந்து போடுவார். ஷிப்மென்ட் நெருங்கினால் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்பார். வீட்டில் நேரம் போதாத நாட்களில் ஒரு துணிக் கட்டை ஸ்கூலுக்கே கொண்டுவர ஆரம்பித்தாள். தூக்க அறையில் ஒரே ஒரு மூலைதான் கேமராவுக்குத் தெரியாது. அந்த மூலையில் உட்கார்ந்து வெட்டுவாள். பிள்ளைகளும் கண் முன்னால், வேலையும் நடக்கிறது என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். அந்த மூலையை ஒட்டித்தான் நித்தீஷ் என்கிற பையனின் பாய் விரித்திருக்கும்.

கம்பெனியில் ஊசி ஒடிந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த லைனே நின்றுவிடும். கம்பில் கட்டிய காந்தத்தைத் தரை முழுக்க உருட்டுவார்கள். ஒடிந்த துண்டுகள் எல்லாம் கிடைத்து, அவற்றைச் சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபடி மிஷின் ஓடும். எங்கோ வெளிநாட்டில் முகம் தெரியாத ஒரு குழந்தையைக் குத்திவிடக் கூடாது என்று அத்தனை பயம். இங்கே முகம் தெரிந்த குழந்தைகள் அவள் முழங்காலைத் தொட்டுக்கொண்டு தூங்குகிறார்கள்.

குனிந்து தரையைத் தடவினாள். பாய் ஓரங்களில் விரலை ஓட்டினாள். வெட்டிய சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினாள். நூல் பிசிறுதான் பறந்தது. பொம்மை அலமாரியில் மீன் பிடிக்கிற விளையாட்டு ஒன்று இருந்தது. தூண்டில் நுனியில் காந்தம் வைத்தது. அதை எடுத்து வந்து குழந்தைகளுக்கு நடுவே மண்டியிட்டுத் தரைமேல் ஆட்டிக்கொண்டு போனாள். யாராவது பார்த்திருந்தால் சென்டர் ஹெட்டுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சமையல் கட்டிலிருந்து ஆயம்மாள் ஈரக் கையோடு வந்து நின்றாள். சமையலுக்கும் பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுவதற்கும் இருக்கிற ஆயா அவள். பக்கத்து ஊர்க்காரி. டீச்சர் மூலையில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பாள்.

"ஏனுங்க டீச்சர், என்னத்தைங்க தேடறீங்க?"

ஜுவைரியா டிரிம்மரைத் தூக்கிக் காட்டினாள். ஆயம்மாள் அதையே பார்த்தாள். பிறகு தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவளும் மண்டியிட்டாள்.

இரண்டு பேரும் ஒவ்வொரு பாயாகத் தடவினார்கள். காந்தத்தில் ஒரு ஹேர்பின் ஒட்டியது. ஒரு குண்டூசி ஒட்டியது. அது எந்த வருசத்துக் குண்டூசியோ. ஒவ்வொரு தடவை டிக்கென்று சத்தம் வந்தபோதும் ஜுவைரியா காந்தத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். முனை மட்டும் கிடைக்கவில்லை. மத்தியானம் சாப்பிடும்போதே கட்டைப் பிரித்து நாலைந்து பீஸ் வெட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிள்ளைகளின் பருப்புச் சாதத் தட்டுகளெல்லாம் அந்த மூலையில்தான் இருந்தன. எந்தத் துணி வெட்டும்போது ஒடிந்தது, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

போன் அடித்தது. ஓனர் அனிதா மேடம். பேரன்ட்ஸ் குரூப்பில் இன்றைக்கு இன்னும் தூக்க நேரத்துப் போட்டோ போடவில்லையே என்று கேட்டார். குழந்தைகள் அழகாகத் தூங்குகிற மாதிரி இரண்டு எடுத்துப் போடச் சொன்னார். பக்கத்துச் சந்தில் புதிதாக ஏசி வைத்து இன்னொரு ஸ்கூல் திறக்கிறார்களாம், நாம்தான் கவனமாக இருக்கணும் என்றார். சரிங்க மேடம், இதோ போட்டர்றேனுங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போட்டோ எடுத்தாள். முதல் இரண்டும் அசைந்து மங்கலாக வந்தன. மூன்றாவதைப் போட்டாள். உடனே அம்மாக்களிடமிருந்து இதயக் குறிகளாக வந்து விழுந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

அப்போதுதான் நித்தீஷ் எழுந்தான்.

எழுந்து உட்கார்ந்து இருமினான். மறுபடி இருமினான். வாயிலிருந்து கோழை வழிந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு வலிக்குது என்று அழுதான். மூன்று வயதுப் பிள்ளை. அவ்வளவுதான் சொல்லத் தெரியும். ஜுவைரியா அவனை அள்ளி எடுத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தாள். குடிக்க மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டான். யா அல்லாஹ், இந்தப் பிள்ளையைக் காப்பாத்து, என்னை என்ன வேணும்னாலும் செய் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

ஆயம்மாள் அவள் முழங்கையைத் தொட்டாள். "அம்மிணி, நாஞ் சொல்றதைக் கேளு. இவங்கம்மாளக் கூப்புட்டு, காச்சலு, தொண்டை வலின்னு மட்டும் சொல்லி அனுப்பீரு. டாக்டர் பாத்துக்குவாரு. வேலை போச்சுன்னா நீ எங்க போவே?"

அந்தப் பேச்சு ஒரு நிமிஷம் இனிப்பாகத்தான் இருந்தது. வாடகை, மஹ்னூரின் ஸ்கூல் ஃபீஸ், காதர்பேட்டை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிற அஹ்ஸன், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. ஆனால் தொண்டை வலி என்று சொன்னால் டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். எக்ஸ்ரே எடுக்க மாட்டார். முனை உள்ளே இருந்தால் ராத்திரி முழுக்க உள்ளேயே இருக்கும்.

"எனக்கும் ஒரு புள்ள இருக்குதுங்க ஆயம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, நித்தீஷின் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

முனீஸ் கமுதிப் பக்கத்துக்காரி. புருசனோடு பிழைக்க வந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு கம்பெனியில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். வயிற்றில் அடுத்தது ஆறு மாசம். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, பாதி ஷிப்டில் மிஷினை அணைத்துவிட்டு, தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க மூச்சு வாங்க வந்து நின்றாள். மகனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஆட்டோ வாசலில் நின்றது. ஜுவைரியா அனிதா மேடத்துக்கு, நித்தீஷுக்கு உடம்பு சரியில்லை, அம்மாவோடு ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வருகிறேன் என்று மட்டும் போனில் சொல்லி வைத்துவிட்டு, மற்ற பிள்ளைகளை ஆயம்மாளிடம் விட்டு, முனீஸோடு ஏறினாள்.

ஆட்டோ கிளம்பிய பிறகுதான் வாய் வந்தது. எதையும் மறைக்காமல் சொன்னாள். துணிக் கட்டு, மூலை, டிரிம்மர், எல்லாம். சொல்லிவிட்டு முனீஸின் முகத்தைப் பார்க்கப் பயந்து டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனீஸ் மகனின் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவை விரலை விட்டு உள்ளே தடவிப் பார்த்தாள். அவன் கடித்தான்.

"துணிக்குள்ள ஊசி போயிரக் கூடாதுன்னு எங்களப் போட்டு அந்தப் பாடு படுத்துறாக. நீங்க பிள்ளைக நடுவுல டிரிம்மரத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்துருந்திருக்கீக."

"தப்புதானுங்க."

"எதுக்கு டீச்சர்? ஒங்களுக்கு என்ன குறை? ஏசி ரூமு இல்லாட்டியும் ஃபேனுக்கு அடியில ஒக்காந்து வாங்குற சம்பளம். எங்கள மாதிரியா?"

ஜுவைரியா தொகையைச் சொன்னாள். முனீஸ் நம்பவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். ஜுவைரியா இன்னொரு தடவை சொன்னாள்.

"ஓவர்டைம் போட்டா நான் அதுக்கு மேல வாங்குவேன்" என்றாள் முனீஸ். அதில் பெருமையும் இல்லை, இரக்கமும் இல்லை. பிறகு ஏதோ கோபம் வந்தவள் போலச் சொன்னாள்: "அப்ப கழுத்துல அந்த அட்டை எதுக்கு?"

காற்று ஆட்டோவுக்குள் மண்ணை வாரி அடித்தது. நித்தீஷ் இருமினான். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவன் முதுகைத் தடவினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு உடனே எக்ஸ்ரே என்றார். பிள்ளையை அசையாமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். முனீஸ் எழுந்தாள். அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, நீங்க உள்ள வரக் கூடாதுங்க என்று எக்ஸ்ரேகாரர் தடுத்துவிட்டார். முனீஸ் கதவைப் பார்த்தாள், ஜுவைரியாவைப் பார்த்தாள். வேறு வழி இல்லை. யாரால் இந்தக் கதி வந்ததோ அவள் கையிலேயே பிள்ளையைக் கொடுக்க வேண்டி வந்தது.

உள்ளே குளிராக இருந்தது. கனமான மேலங்கியை மாட்டிக்கொண்டு ஜுவைரியா நித்தீஷின் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் திமிறினான். மீன் பிடிக்கப் போலாமா டீச்சர் என்று அழுகைக்கு நடுவே கேட்டான். போலாங் கண்ணு, நாளைக்குப் போலாம் என்றாள்.

வெளியே வந்து உட்கார்ந்தார்கள். எக்ஸ்ரேகாரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். சிரித்த மாதிரி இருந்த அவர் முகம் மாறியது. எழுந்து டாக்டரைக் கூப்பிடப் போனார். போகிற போக்கில் யாரிடமோ, மெட்டல் ஒன்னு தெரியுதுங்க என்று சொன்னது இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

முனீஸ் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. ஜுவைரியா அவள் பக்கத்தில் போக நினைத்தாள், கால் நகரவில்லை. இந்த நிமிஷத்தில் செத்துப் போய்விட்டால் நல்லது என்று நினைத்தாள். மஹ்னூரின் முகம் வந்தது. அதையும் பார்க்கத் தனக்குத் தகுதி இல்லை என்று தள்ளினாள்.

டாக்டர் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். திரையில் நித்தீஷின் நெஞ்சுக் கூடு தெரிந்தது. எலும்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக, கோழிக்குஞ்சு எலும்பு போல அவ்வளவு சின்னதாக இருந்தது. அதற்கு மேலே, படத்தின் ஓரத்தில், அரிசி நீளத்துக்குக் கூராக ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தது.

"புள்ளையோட கையைப் புடிச்சுட்டு இருந்தது யாருங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நாந்தாங்க."

"உங்க சட்டைக் கையைக் கொஞ்சம் காட்டுங்க."

ஜுவைரியா கையை நீட்டினாள். டாக்டர் சுடிதாரின் கை மடிப்பைப் புரட்டினார். தையலுக்குள், துணிக்கும் துணிக்கும் நடுவில், குத்திக்கொண்டு நின்றது முனை.

புள்ள உடம்புல ஒன்னும் இல்லீங்க, வெறும் தொண்டைப் புண்ணுதான், ரெண்டு நாள்ல சரியாப் போயிருமுங்க என்று டாக்டர் சொன்னது ஜுவைரியாவுக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. அவளுக்குக் கம்பெனி ஞாபகம் வந்தது. ஊசி ஒடிந்தால் தரையில் காந்தம் உருட்டுவது இரண்டாவது வேலை. முதல் வேலை வேறு. ஒடித்தவள் எழுந்து நின்று கையை இரண்டு பக்கமும் விரிக்க வேண்டும். சூப்பர்வைசரம்மா அவள் உடம்பில் மேலிருந்து கீழே காந்தத்தை ஓட்டுவாள். அது அவளுக்கு மறந்தே போயிருந்தது. அட்டை மாட்டின நாளிலிருந்து அவள்தான் எல்லோரையும் சோதிக்கிறவள். அவளை ஒருத்தரும் சோதித்ததில்லை.

பையிலிருந்து டிரிம்மரை எடுத்து முனையை ஒடிந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. முனீஸும் குனிந்து பார்த்தாள். விளக்குப் பக்கம் திருப்பி, இடையில் ஏதாவது துளி குறைகிறதா என்று இன்னொரு தடவை பார்த்தாள். பிறகுதான் மகனை இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஜுவைரியாதான் பேச்சை எடுத்தாள். மேடத்திடம் சொல்வதானால் சொல்லிவிடுங்கள், நான் மறுக்க மாட்டேன் என்றாள்.

முனீஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சொன்னா ஒங்க வேலை போகும். வேற யாராச்சும் வருவாக. அந்தச் சம்பளத்துக்கு வர்றவ மட்டும் எப்புடி இருப்பாளாம்? எடத்தையே மூடிட்டாகன்னா எம் பிள்ளைய நான் எங்க கொண்டுபோய் விடுவேன்? புதுசா வர்ற ஏசி ஸ்கூல்லயா?"

"மன்னிச்சுருங்க முனீஸ்."

"மன்னிக்கல டீச்சர்" என்றாள் முனீஸ்.

அன்று இரவு ஜுவைரியா அஹ்ஸனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தூங்குகிற மஹ்னூரின் சட்டை மடிப்புகளை அவள் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, போதும் படு என்றான். வீரணனுக்குப் போன் போட்டு, இனி வீட்டில் வைத்துத்தான் வெட்டுவேன், அவசரக் கட்டு வேண்டாம் என்றாள். அவசரம் இல்லாத கட்டு எங்கம்மா இருக்கு என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அந்த ஏழரை வாடகைக்கு இனி என்ன வழி என்பது அப்படியே நின்றது.

காலையில் காற்று இன்னும் அடங்கவில்லை. ஜுவைரியா அட்டையை மாட்டிக்கொண்டு பாப்பா ஸ்கூல் வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அம்மா முகத்தையும் பார்த்து, இவளுக்குத் தெரியுமோ, இவளுக்குத் தெரியுமோ என்று தேடினாள். எல்லோரும் எப்போதும் போல ஓடினார்கள். நித்தீஷ் வர மாட்டான் என்று நினைத்தாள். வராவிட்டால் பரவாயில்லை என்றும் நினைத்தாள். சந்துத் திருப்பத்தில் முனீஸ் வந்தாள், இடுப்பில் நித்தீஷ், கையில் சோத்துப் பை. லீவு போட்டால் நேற்று அரை ஷிப்டு போனதோடு இன்றைக்கு முழு ஷிப்டும் போகும்.

வாசலுக்கு வந்ததும் அவள் பிள்ளையைக் கொடுக்கவில்லை. கீழே இறக்கி நிறுத்தினாள். பைக்குள் கையை விட்டு, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றை எடுத்தாள்.

"கையத் தூக்குங்க டீச்சர்."

வாசலுக்கு மேலே கேமரா இருந்தது. காலை நேரத்தில் அனிதா மேடம் வீட்டிலிருந்தே போனில் பார்ப்பார் என்று ஜுவைரியாவுக்குத் தெரியும். பின்னால் இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். அவள் ஒரு தடவை மேலே பார்த்தாள். பிறகு அட்டையைக் கழற்றி ஆயம்மாளிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

முனீஸ் அவசரப்படவில்லை. தோளில் ஆரம்பித்து, இரண்டு சட்டைக் கை மடிப்பிலும் சுற்றி, துப்பட்டா நுனி வரை, சுடிதாரின் கீழ் மடிப்பு வரை காந்தத்தை ஓட்டினாள். ஆறு மாச வயிற்றோடு குனிந்து ஓட்டுவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பையையும் திறக்கச் சொன்னாள். சோத்து டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் இருந்தன. ஒன்றும் ஒட்டவில்லை. பின்னால் நின்ற அம்மாக்களில் ஒருத்தி, என்னங்க இது புதுசா என்று கேட்டாள்.

உள்ளேயிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். இது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொருவராக ஓடி வந்து, ஜுவைரியாவுக்குப் பின்னால் வரிசை கட்டி, அவளைப் போலவே கையை விரித்து நின்றார்கள். அடுத்தது நானு, அடுத்தது நானு என்று சத்தம் போட்டார்கள். நித்தீஷும் ஓடிப் போய் வரிசையின் கடைசியில் நின்று கையை விரித்தான்.

கம்பெனிச் சங்கு ஊதியது. முனீஸ் காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மகனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஆயம்மாள் அட்டையை நீட்டினாள். ஜுவைரியா இன்னும் கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.